பத்தொன்பது விதைகள்

பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் மூன்றரை மணி பெல்லுக்கு அரை மணி முன்னால் வாசலில் இருக்கும் புங்க மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தினால் போதும், நாலு போன்கள் என் மூக்குக்கு நேராக நீளும். "அக்கா, ஆப் தொறக்கல." "அக்கா, பாஸ்வேர்டு மறந்துட்டேன்." "அக்கா, எம் புள்ள பேர்ல வேற புள்ள போட்டோ வருது." நான் வீட்டிலிருந்தபடியே சென்னை ஆபீஸ் ஒன்றுக்குக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுப்பவள். அதாவது அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது என் வேலை. மரத்தடிக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. லேப்டாப் வைத்திருக்கிறாள், அதனால் எல்லாம் தெரியும். மிக்ஸி ஓடவில்லை என்றுகூட ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். 'ஆப் அக்கா' என்று பெயர் வந்தபோது வெளியே சலித்துக்கொண்டேன், உள்ளே குளிர்ந்து போனேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் குளிர்ச்சிதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

செங்கல்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவே இருக்கிறது பள்ளி. என் பையன் நாலாம் வகுப்புக்குப் போன வருடம் திடீரென்று அதற்கு ஞானம் பிறந்தது. இனி மனப்பாடம் கிடையாது, மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது, குழந்தைகள் கேள்வி கேட்டு, தேடி, தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்றார்கள். அதை விளக்க வெளியூரிலிருந்து ஒரு அம்மையாரை வரவழைத்துக் கூட்டம் போட்டார்கள். அவர் ஒன்றரை மணி நேரம் கேள்வியின் மகிமையைப் பற்றிப் பேசினார். குழந்தை கேள்வி கேட்டால் குறுக்கே பேசாதீர்கள், பொறுமையாகக் கேளுங்கள் என்றார். முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "மேடம், அதெல்லாம் இருக்கட்டும், பரீட்ச எப்போ?" என்றார். நேரமாகிவிட்டது, கேள்விகளை ஆப்பில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மையார் காரில் ஏறிவிட்டார்.

ஆப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். அதில் படங்கள், டீச்சரின் குறிப்புகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் விதை, முளை, பூ என்று மூன்றில் ஒரு சின்னம். குறிப்பெல்லாம் இங்கிலீஷில். பெற்றோர்கள் கீழே கருத்து எழுத வேண்டுமாம், அதுவும் 'எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது' என்று தொடங்கி எழுத வேண்டுமாம். எழுதினார்கள். ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார்கள். ஒரு தாத்தா தன் செல் நம்பரைப் போட்டு, 'பேசவும்' என்று எழுதினார். மண்புழுவைப் பற்றி எழுதிய ஒரு பாவப்பட்ட பையனின் பக்கத்தில் யாரோ கிரகப்பிரவேசப் பத்திரிகையைப் போட்டுவிட்டார்கள், அதற்குக் கீழே பதினோரு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் அழிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

ஆனால் மரத்தடியின் உண்மையான கவலை வேறு. யார் ஃபர்ஸ்ட்? சுற்றிச் சுற்றி இங்கேயே வருவார்கள். "விதைன்னா எவ்ளோக்கா? முளைன்னா பாஸா?" இந்த மூன்று சின்னங்களையும் விளக்கி நாற்பது நிமிட வீடியோ ஒன்று ஆப்பிலேயே இருந்தது. ஊரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். ஆப் அக்கா வீடியோ பார்க்கவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்?

ஒரு மதியம், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, ஆபீஸிலிருந்து விண்ணப்பம் எங்கே என்று கேட்கிறார்கள், போனில் மூன்றாவது ஆளாக ஒருத்தி, "முளைக்கு எவ்ளோக்கா?" என்கிறாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு தாளில் கோடு போட்டேன். விதை என்றால் முப்பத்தைந்துக்குக் கீழே. முளை என்றால் அறுபது. பூ என்றால் தொண்ணூறுக்கு மேல். படம் எடுத்து வகுப்புக் குரூப்பில் போட்டுவிட்டுக் குழம்பை இறக்கினேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

அந்த மாதிரி வரவேற்பை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கைகூப்பும் படங்கள், 'தெய்வமே' என்று ஒருவர், 'இதை முன்னாடியே போட்டிருக்கலாமே' என்று இன்னொருவர். சாயங்காலத்துக்குள் மூன்றாம் வகுப்புக்குப் போனது, மறுநாள் ஐந்தாம் வகுப்புக்கு. என் பையனின் பக்கத்தில் நாலே நாலு பதிவு, நாலும் பூ. தொண்ணூறுக்கு மேல் என்று என் மாமியாருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

அந்த வாரம்தான் அவள் வந்தாள். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கணவர் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவர்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் முதல் பிள்ளை இவள் மகள், என் பையன் வகுப்புதான். அந்தப் பெண்ணுக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, எப்போதும் ஒரு கால் காலணியின் வார் அவிழ்ந்திருக்கும். அம்மாக்காரி போனை நீட்டினாள்.

"யக்கா, இன்னாக்கா இது? எம் பொண்ணுக்கு வெறும் வெதையாவே கீது. எண்ணிட்டேன்க்கா, பத்தொம்போது."

வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பதும் அந்தப் பெண் எழுதிய கேள்விகள். கொளவாய் ஏரியில் நாரை ஒற்றைக் காலில் நிற்கும்போது தூங்குமா? கடல் முழுக்க உப்பு என்றால் மீனுக்குத் தாகம் எடுக்காதா? ரயில் போன பிறகும் தண்டவாளம் ஏன் கொஞ்ச நேரம் பாடுகிறது? அப்பா பஸ்ஸில் வருகிற அண்ணன்கள் ஏறி உட்கார்ந்ததும் ஏன் தூங்கிவிடுகிறார்கள்? கடைசிக் கேள்வியில் என் கண் ஒரு நிமிடம் நின்றது. நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று தோன்றியது. தோன்றியதை மூடி வைத்துவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கவனிக்கணும்மா" என்றேன்.

"பத்தொம்போதும் ஃபெயிலாக்கா?"

"ஃபெயில்னு சொல்ல முடியாது" என்று இழுத்தேன். அந்த இழுப்பு ஃபெயில் என்பதைவிட மோசமாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே அந்தப் பெண்ணை டியூஷனில் சேர்த்துவிட்டார்கள். ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை. அதற்கு முன்னால் சாயங்காலங்களில் அவள் அப்பாவோடு பஸ்ஸில் ஒரு நடை போய்வருவாளாம். அது நின்றது.

டியூஷன் சார் கெட்டிக்காரர். என் அட்டவணை அவர் கைக்கும் போயிருந்தது. விதைகளை ஒவ்வொன்றாக ஒழித்துக் கட்டினார். நாரைக்கு ஒரு பாரா, மீனுக்கு ஒரு பாரா, நெட்டிலிருந்து எடுத்த இரண்டு படம், மனப்பாடம் செய்து வகுப்பில் ஒப்பித்தால் பூ. பஸ்ஸில் தூங்கும் அண்ணன்களைப் பற்றிய கேள்விக்கு நெட்டில் பாரா கிடைக்கவில்லை. அதனால் அதை அழித்துவிடச் சொன்னார். புதிதாக எதுவும் எழுதாதே, எழுதினால் மறுபடி விதை விழும் என்றும் சொல்லியிருக்கிறார். என் அட்டவணைப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

இரண்டு மாதத்தில் பக்கம் முழுக்கப் பூ. அம்மாக்காரி அரை கிலோ பால்கோவாவோடு மரத்தடிக்கு வந்தாள். "உங்களாலதான்க்கா" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன், வாங்கியதோடு நிற்காமல், "கணக்குக்கும் சேத்து அனுப்பு" என்று புத்தியும் சொன்னேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை டீச்சரைப் பார்க்கும் நாள். என் பையனின் பக்கத்தைத் திறந்துவைத்து, நாலு பூ என்று பெருமையாகத்தான் உட்கார்ந்தேன். வகுப்பு டீச்சர், பாவம், இருபத்து நாலு வயதுப் பெண், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேம், இவன் சொந்தமா ஒரு கேள்வியும் போடல. ஆப்ல ரெடியா இருக்கிற கேள்வியில நாலை எடுத்து முடிச்சிட்டான். ஒரு விதையாவது இருந்தா நல்லா இருக்கும்."

"விதை இருந்தா நல்லதா?"

"புதுக் கேள்விக்குத்தானே மேம் விதை? வீடியோல சொல்லியிருக்கோமே." பிறகு பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். "அந்த பஸ் டிரைவர் பொண்ணுதான் மேம் என் கிளாஸ்ல நிறைய கேப்பா. இப்போ என்னமோ வாயே தொறக்கறதில்ல. வீட்டுல ஏதாவது பிரச்சனையான்னு தெரியல."

வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்து அந்த நாற்பது நிமிட வீடியோவைப் பார்த்தேன். ஆறாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். விதை என்பது மார்க் அல்ல, தொடக்கம்; தேடத் தொடங்கினால் முளை, பதில் கிடைத்தால் பூ. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். வெட்கத்தைவிட பயம்தான் அதிகம். குரூப்பில் தப்பு என்று போட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நாளைக்குப் போடலாம் என்று தள்ளி வைத்தேன். நாளைக்கு, திங்கட்கிழமை, பிறகு மாமல்லபுரம் போய்வந்த பிறகு.

மாமல்லபுரத்துக்குக் கற்றல் பயணம். குழந்தைகள் ஒரு பஸ், உதவிக்கு வரும் பெற்றோர்கள் ஒரு பஸ். ஒவ்வொரு குழந்தையும் பார்த்ததைப் பற்றி ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கேள்வியைக் குழந்தைதான் எழுத வேண்டும் என்று தாளிலேயே அடிக்கோடிட்டு அச்சடித்திருந்தார்கள். அதனால் பெற்றோர்கள் எழுதாமல் காதில் ஓதினார்கள். முக்கால்வாசித் தாள்களில், வெண்ணெய் உருண்டைப் பாறை ஏன் உருளவில்லை என்று ஒரே கேள்வி, அதுவும் பாறை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே. போன பிறகு எல்லா அப்பாக்களும் முறை வைத்துப் பாறையைத் தள்ளுவது மாதிரி நின்று படம் எடுத்து, ஆய்வுக்கு ஆதாரம் என்று ஆப்பில் ஏற்றினார்கள்.

நான் கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்திருந்தேன். இரட்டைச் சடை வந்து நின்றது. கையில் தாள், வெறுந்தாள்.

"ஆண்டி, உங்கள ஒண்ணு கேக்கணும். வெதன்னா ஃபெயில்னு யாரு சொன்னாங்க?"

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தேன்.

"மிஸ்ஸக் கேட்டேன், நான் சொல்லலன்னாங்க. சாரக் கேட்டேன், குரூப்புல வந்துச்சுன்னாரு. அம்மா போன்ல மேல மேல தள்ளிக்கினே போய்ப் பாத்தேன். மொதல்ல நீங்கதான் அனுப்பிக்கிறீங்க. உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

எந்தப் பள்ளியும் கற்றுத் தரத் தேவையில்லாத பிள்ளை. ஒவ்வோர் ஆளாகப் போய்க் கேட்டு, ஆதாரம் பார்த்து, ஒழுங்காகத் தேடி என்னிடம் வந்து நிற்கிறது. "யாரும் சொல்லல. நானா போட்டேன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி போட்டுட்டேன். அது தப்பு."

திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ டியூஷன்?"

எழுந்தேன். அம்மாக்காரி மாங்காய்க் கீற்று வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கேயே, உப்பும் மிளகாய்த்தூளுமாக அவள் கை நிறைய இருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ பார்க்காததையும், போன வாரமே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி, நீ எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன்மா. அந்த அக்கா சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்னு நீதானே அடிச்ச."

அம்மாக்காரி மாங்காயை மகள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால்கோவா வாங்கித் தின்ற என் வாயில் மன்னிப்பு என்கிற சொல் அப்போது வரவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சொன்னேன். "வுடுங்கக்கா" என்றாள், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் குரூப்பில் போட்டேன். 'அட்டவணை தவறு. நானே போட்டது. வீடியோவை நான் அப்போது பார்க்கவில்லை. விதை என்றால் புதுக் கேள்வி, நிறைய இருந்தால் நல்லது.' கோபப்படுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கோபப்படவில்லை. முதல் பதில், 'நன்றி அக்கா, புது அட்டவணை எப்போ?' இரண்டாவது, 'அப்போ விதைக்கு நூறா?' அடுத்த வாரமே டியூஷன் சார் விதை பேட்ச் ஒன்று ஆரம்பித்தார், மாதம் இருபது கேள்விக்கு உத்தரவாதம்.

இரட்டைச் சடையை டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முழுக்க இல்லை. "கணக்குக்கு மட்டும் போவட்டும்க்கா, அதுவும் நீங்க சொன்னதுதான்" என்றாள் அம்மாக்காரி. வாரத்தில் மூன்று நாள் பஸ், மூன்று நாள் டியூஷன். அழித்த கேள்வியை அந்தப் பெண்ணே திரும்பப் போட்டாள். அப்பாவோடு போன முதல் நாளே, தூங்காமல் வந்த ஓர் அண்ணனைப் பிடித்து விசாரித்திருக்கிறாள். அது முளையாகிவிட்டது.

அதற்குக் கீழே புதிதாக ஒரு விதை. 'பெரியவங்க தெரியாததைத் தெரியலன்னு ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க?' டீச்சர் அதற்கடியில், பெற்றோர்கள் யாராவது உதவலாம் என்று எழுதியிருக்கிறாள். மரத்தடியில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மூன்று முறை பதில் அடித்து அழித்துவிட்டேன். இன்னும் அது விதையாகத்தான் இருக்கிறது.