ஐஸ்கிரீம் கிளாசில் ஒரு யோகட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற ஆள். பத்திரிகைக்கு எழுதுகிற தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு வருடமாக உள்ளுக்குள் கிடந்து கொதிக்கிற ஒன்றை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருக்கிறது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆடி மாதம் திருகோணமலையில் நடந்தது இது. கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த நாட்கள். என் தம்பி படகு எஞ்சின் திருத்துகிறவன். அதற்கு ஆறேழு மாதம் முந்தியே அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்து வந்தார்கள். என்னுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, சாம்பல்தீவில் தம்பி குடும்பத்தோடுதான் இருக்கிறேன். கொடுப்பதா விடுவதா என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆனால் டொக்டர் ஒன்று சொன்னார். அப்போது என் நிறை எண்பத்துமூன்று கிலோ. அது எழுபத்தொன்றுக்கு இறங்கினால்தான் என்னிடமிருந்து எடுப்பார்கள். ஆறு மாதம் பார்க்கலாம், அதற்கு மேல் தம்பியின் உடம்பு தாங்குமோ தெரியாது என்றார்.

அன்றிலிருந்து என் வாய் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. வீட்டில் எல்லோரும் பிட்டும் மீன் சொதியும் சாப்பிட, நான் அவித்த போஞ்சிக்காயோடு இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. தம்பி மனைவி, அதாவது என் மச்சாள் (அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்), என் சாப்பாட்டுக் கோப்பையில் விழுகிற சோற்றை அகப்பைக் கணக்கில் பார்த்தார். சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதையும் பொறுத்தேன். ஒழுங்கையில் போகிறவர்களும் வேலியால் எட்டிப் பார்த்து, “இப்ப எத்தினை கிலோ?” என்று கேட்பார்கள், பாரை மீனுக்கு விலை கேட்கிறமாதிரி. நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

நான் தைக்கிறவள். பள்ளிக்கூடச் சீருடை தைத்து, வியாழக்கிழமைகளில் டவுனில் ஒரு புடைவைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற மிஸ் தந்த தாளில், கிழமைக்கு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கப்பில் விற்கிற, கொழுப்பெடுத்த யோகட் தயிரும் பழமும் சாப்பிடலாம், சீனி போடக்கூடாது என்று இருந்தது. படகுத்துறைக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் மனிதர் சின்னக் குளிர்பானக் கடை வைத்திருக்கிறார். ஒரு வியாழக்கிழமை வெயிலுக்கு ஒதுங்கி, கூச்சத்தோடு அந்தத் தாளை அவரிடம் நீட்டினேன். ஆறுதலாக வாசித்தார். அடுத்த கிழமை போனபோது சொன்னமாதிரியே கொழுப்பெடுத்த யோகட் எடுத்து வைத்திருந்தார். அதை ஐஸ்கிரீம் போடுகிற உயரமான கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, இடையிடையே பப்பாசியும் அன்னாசியும் வைத்து, மேலே கொடித்தோடைப் பழத்தைப் பிழிந்து, நீட்டுக் கரண்டியோடு கொண்டுவந்தார். நான் பயந்துபோய், இது ஏலாது என்றேன்.

“கப்புல திண்டா மருந்து மாதிரி இருக்கும் அக்கா. இப்பிடித் திண்டு பாருங்க. பாக்கிற ஆக்களுக்கு ஐஸ்கிரீம், உங்கட டொக்டருக்கு யோகட்” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அதை எப்படிச் சாப்பிட்டேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். மின்விசிறிக்குக் கீழே, கடலைப் பார்த்த கதிரை. முதல் கரண்டி புளிக்கும், பல் கூசும். பிறகு பப்பாசி வந்து அதைத் தணிக்கும். கொடித்தோடை விதையைப் பல்லுக்குள் வைத்து மெல்ல நொறுக்குவேன். ஒரு கிளாசுக்கு அரை மணித்தியாலம். கிழமை முழுவதிலும் யாரும் கணக்குப் பார்க்காத சாப்பாடு அது ஒன்றுதான். அதனால்தான் வீட்டில் சொல்லவில்லை. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆறாவது மாதம் முடிந்தது. கடைசியாக நிறை பார்க்கிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின மாதம் எழுபத்துநாலு இருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. வியாழக்கிழமை தைத்ததைக் கொடுத்துவிட்டு வழமைபோல யோகட் சாப்பிட்டேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தூரத்து உறவுக்காரி ஒருவர் அந்த வழியால் போனதை நான் காணவில்லை. அவர் என்னைக் கண்டிருக்கிறார். நான் வீடு போய்ச் சேர முதலே கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மச்சாள் வாசலில் நின்றார்.

“இண்டைக்கு ஐஸ்கிரீம் எப்பிடி இருந்தது, மச்சாள்?”

அது யோகட், கொழுப்பெடுத்தது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நீட்டுக் கிளாசிலையோ யோகட் குடுக்கிறவை? ஆரை ஏய்க்கிறியள்? விடிஞ்சா நிறை பார்க்கிற நாள். இந்த மனுசன் செத்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு உங்கட நாக்குத்தான்.”

தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம். பையில்தான் கிடந்தது. ஆனால் கை போகவில்லை. ஏன் காட்டவேண்டும் என்று இருந்தது. தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். கால் வீங்கிப்போயிருந்தது. அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். சொன்னான்.

“விருப்பமில்லையெண்டா முதலே சொல்லியிருக்கலாம் அக்கா. நான் கோவிச்சிருக்க மாட்டன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தினேன். உள்ளே போய், என் பழைய சட்டை ஒன்றை எடுத்து, உள்பக்கத்தை வெளியில் திருப்பி அவன் மடியில் எறிந்தேன். நிறை குறையக் குறைய நானே பிடித்துத் தைத்த சட்டை அது. பக்கத் தையல் நாலு வரி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தது.

“எண்ணிப் பார். ஒவ்வொரு தையலும் நான் பசியோடை இருந்து தைச்சது. என்ரை உடம்பிலை இருந்து எடுத்துத் தாறன் எண்டு சொன்னனான். அதுக்குள்ளை என்ன போகுது எண்டுதான் எல்லாரும் பார்த்தியள். எனக்குப் பயமா இருக்கோ எண்டு ஒரு ஆள் கேட்டியளோ?”

பக்கத்து வீட்டு வானொலி நின்றது. ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றேன். மச்சாள் சட்டையை எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போனார். மன்னிப்பு என்ற சொல் அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

“பயமா இருக்கோ அக்கா?”

“ஓம்” என்றேன்.

இப்போது எனக்கு ஒரு சிறுநீரகம், அவனுக்கு ஒன்று. அவன் மறுபடியும் வேலைக்குப் போகிறான். தெய்வம் மாதிரி அக்கா என்று ஊரில் சொல்கிறார்கள். அதே உறவுக்காரியும் சொல்கிறார். மச்சாள் அன்று பயத்தில்தான் பேசினார், புருசனை இழக்கப்போகிற பயம், அது எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை. கத்தினால்தான் ஒரு மனுசிக்குப் பயமிருக்கும் என்பது வீட்டுக்குத் தெரியவருகிறது என்றால், சத்தம் போடத் தெரியாத மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று, வியாழக்கிழமைகளில் அந்தக் கதிரையில் இருந்து யோகட் சாப்பிடும்போது இன்னும் யோசிக்கிறேன்.

நான் கத்தினதற்கு மறுநாள் காலை கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். எழுபது கிலோ நானூறு கிராம். தாதி கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.