வீட்டில் முணுமுணுக்கலாம்

என்னிடம் ஒரு வீடியோ கசெற் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி வீட்டை விட்டுப் போய் எத்தனையோ வருடங்களாகிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் அதை லொறியில் ஏற்றவிடாமல் என் கைப்பைக்குள் வைத்துக் காவிக்கொண்டு வந்திருக்கிறேன். அட்டையில் ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர்கள்: நடித்தவர்கள், எழுதியவர்கள், இசையமைத்தவர்கள். அந்த வரிசையில் என் மச்சாளின் பெயர் இல்லை. அவருடைய குரல் மட்டும் உள்ளே நாற்பது விநாடி இருக்கிறது. பெட்டிக்குள் நான்காக மடித்த காகிதம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. தொண்ணூறுகளின் நடுவில் அண்ணை, மச்சாள், அவர்களின் கைக்குழந்தை, நான் என்று நாலு பேரும் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருந்தோம். பகலில் குழந்தையைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு, மச்சாளும் நானும் சப்வேயும் இரண்டு பஸ்ஸும் எடுத்து ஸ்காபரோவில் ஒரு கம்பனிக்கு வேலைக்குப் போவோம். பழைய ரி.வி. தொடர்களைக் கசெற்றில் பதிந்து கடைகளுக்கு அனுப்பும் கம்பனி அது. மச்சாளுக்குக் கீழே பொதி கட்டும் வேலை. இங்கிலிஷ் ஓரளவு எழுத வரும் என்பதால் எனக்கு மேலே ஒஃபிசில் மேசை. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். அதனால் எங்கள் இருவருக்கும் ஒரே பெயர் என்று அங்கே கன காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் திருத்தப் போகவில்லை.

என் வேலை பாட்டுப் பட்டியல் தட்டச்சுச் செய்வது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது. அந்தத் தொடர்களை எடுத்த காலத்தில் பாட்டுகளுக்கு ரி.வி.யில் காட்ட மட்டும்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கசெற் போகும் என்று அப்போது யார் கண்டார்கள்? ஆகவே கசெற்றாக விற்பதற்கு ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்ப அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், ரேடியோவில் வருகிறதா, ஆள் பாடுகிறதா என்று முழு அத்தியாயத்தையும் பார்த்து எழுதிக் கொடுப்பது நான். என் பட்டியலை வைத்துத்தான் மனேஜர் அனுமதி கேட்பார். கிடைக்காத இடங்களுக்கு எங்கள் ஒலிப்பதிவுக்காரர் சொந்தமாக மெட்டுப் போடுவார். பட்டியலின் கடைசிப் பக்கம் பழுதுகளுக்கு. கீறல், இரைச்சல் எதுவானாலும் அதில் எழுத வேண்டும். மின்சாரம் ஒலிநாடாவுக்குள் கசிந்தால் ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பெயர் ‘ஹம்’ என்று ஒலிப்பதிவுக்காரர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். புதிதாகப் படித்த சொல் என்று நானும் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டேன்.

அப்போது அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, நாளைக்கு என்ன நடக்குமோ என்று பயந்துகொண்டு எங்கள் ரெலிபோனுக்காகக் காத்திருந்தா. நிரந்தர வேலை என்று கம்பனி ஒரு கடிதம் தந்தால் அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணி எழுதிப்போடலாம் என்று எங்களுக்கு ஃபோர்ம் நிரப்பித் தரும் அங்கிள் சொல்லியிருந்தார். அண்ணைக்குக் கடிதம் கொடுக்கிற மாதிரி வேலை இல்லை. என் ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. அதற்குள் ஒரு பிழையும் விடாமல் இருந்தால் கடிதம் தருவதாக மனேஜர் வாயால் சொல்லியிருந்தார். அவர் பூனைக்கண் வெள்ளைக்கார மனுசி, சொன்னால் சொன்னதுதான்.

சப்பாத்துக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு விதவைத் தாயும் மூன்று பிள்ளைகளும்தான் என் கசெற் அட்டையில் சிரிக்கும் குடும்பம். ஓர் அத்தியாயத்தில் மூத்தவன் பட்டாளத்துக்குப் போகிறான். காலைச் சாப்பாட்டு நேரம் ரேடியோவில் ஒரு பாட்டுப் போகிறது, எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அவன் எழுந்து போகிறான். இளையவன் ஒரு பகிடி விடுகிறான், பின்னணியில் சனம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது தாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை துடைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ரேடியோப் பாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை, ஒலிப்பதிவுக்காரர் தன் மெட்டைப் போட்டார். கசெற்றுகள் பதியப்பட்டு, கீழே பெட்டி பெட்டியாக ஏறத் தொடங்கின.

ஒரு மத்தியானம் மச்சாள் படியேறி என் மேசைக்கு வந்தார். அவர் மேலே வரவே மாட்டார். யாராவது இங்கிலிஷில் ஏதும் கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

“மச்சாள், மூத்த பெடியன் போற கதையில ரேடியோப் பாட்டை மாத்திப் போட்டியள், என்ன?”

“ஓம், அனுமதி கிடைக்கேல்லை.”

“அப்ப ஏன் தாய் மட்டும் பழசையே முணுமுணுக்குது?”

எனக்கு விளங்கவில்லை. கோப்பை துடைக்கும்போது தாய் ஒன்றும் பாடவில்லையே என்றேன்.

“வாய் திறந்து பாடேல்லைத்தான். முணுமுணுக்குது. ரேடியோவில கேட்ட பாட்டைத்தான், போன பிள்ளையை நினைச்சு. இப்ப ரேடியோவில ஒண்டு போகுது, மனுசி வேற ஒண்டை முணுமுணுக்குது. ஒண்டைக் கேட்டிட்டு ஆராவது வேற ஒண்டை முணுமுணுப்பினமோ?”

பட்டியலை இழுத்து எடுத்தேன். பாட்டுப் பக்கத்தில் அந்த நிமிடம் வெறுமையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், பழுதுகளுக்கு நடுவில், என் கையாலேயே தட்டச்சுச் செய்திருந்தேன்: ஹம், நாற்பது விநாடி. தொடருடன் வந்த பழைய வசனப் பிரதியில் அந்த இடத்தில் ‘ஹம்’ என்றுதான் இருந்தது. சிரிப்புக்கு அடியில் மெல்லிய ‘ம்ம்’ ஒன்று கேட்டதும் உண்மை. இங்கிலிஷில் மனிதர் முணுமுணுப்பதற்கும் மின்சாரம் கசிவதற்கும் ஒரே சொல் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பிள்ளையைப் பிரிந்த ஒரு தாயை நான் பழுது என்று எழுதியிருந்தேன். ஒலிப்பதிவுக்காரரும் அதை நம்பி, ஏதோ ஒரு திருகாணியைச் சற்றே திருகிவிட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்.

மச்சாள் அந்தத் தொடரைக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ரி.வி.யில் பார்த்தவர். இங்கிலிஷ் பழகட்டும் என்று அண்ணை போட்டுவிட்டுப் போவார். இங்கிலிஷ் ஏறவில்லை. ஆனால் அதில் வந்த மெட்டு ஒன்றுவிடாமல் ஏறியிருந்தது. கீழே பெட்டிக்கு ஒரு கசெற்றைப் போட்டுப் பார்க்கும் ரி.வி. முழு நாளும் ஓடும். எல்லோரும் படம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கேட்டிருக்கிறார். அத்தனை பேர் காதில் விழாதது, இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் இவர் காதில் விழுந்திருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அன்றைக்கோ நான் பட்டியலை மூடிவைத்தேன்.

“ஒருத்தருக்கும் தெரியப் போறேல்லை, விடுங்கோ மச்சாள்,” என்றேன். “இப்ப சொன்னால் அம்மாவின்ர கடிதம் போச்சு.”

மச்சாள் பட்டியலைத் திரும்பத் திறந்து என் முன்னால் வைத்தார். “பெட்டி கடைக்குப் போனபிறகு பாட்டுக்காரர் பிடிச்சினமெண்டால் உமக்கு வேலையும் இல்லை, கடிதமும் இல்லை. பெட்டி இன்னும் கீழதான் கிடக்கு. போய்ச் சொல்லும். நானே சொல்லுவன், ஆனா எனக்கு இங்கிலிஷ் வராது.” பிறகு, “வாரும், நானும் வாறன்,” என்று முன்னால் நடந்தார்.

மனேஜர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒலிப்பதிவுக்காரரை அழைத்து அவருடைய சின்ன அறையில் காட்சியை ஓடவிட்டார்கள். ஆம், அதே பழைய மெட்டு. முணுமுணுத்தாலும் பாட்டுப் பாட்டுத்தான், அனுமதி வேண்டும். காட்சியை வெட்டிவிடலாம் என்றார் மனேஜர். அதை வெட்டினால் அந்த அத்தியாயத்தில் பிறகு என்ன இருக்கிறது என்றார் ஒலிப்பதிவுக்காரர். அந்த நாற்பது விநாடியில் பேச்சில்லை, தாயின் முகமும் தெரியவில்லை, ஆகவே சத்தத்தை முழுதாக எடுத்துவிட்டு வேறொரு பெண்ணைக் கொண்டு தன் மெட்டை முணுமுணுக்க வைக்கலாம் என்றார். பாடகி தேடிப் பிடிக்க ஒரு கிழமையாகும், லொறி நாளை மறுநாள் வருகிறது என்றார் மனேஜர். இப்படி அவர்கள் மாறி மாறிப் பேச, திரையில் காட்சி சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ‘ம்ம்’ என்று ஒன்று கேட்டது. மச்சாள்தான். ஒரு கிழமையாகக் கீழே கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்த அந்தப் புது மெட்டை, திரையைப் பார்த்தபடி, தன்னை அறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவுக்காரர் கதிரையோடு சேர்ந்து திரும்பினார்.

மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் மச்சாளுக்குச் சத்தமே வரவில்லை. இரண்டு தரம் முயன்றார், மூன்று தரம் முயன்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “கை சும்மா இருந்தா எனக்கு வராது எண்டு சொல்லும்,” என்றார். சாப்பாட்டு அறையிலிருந்து கோப்பைகளும் ஒரு துவாயும் கொண்டுவந்து கொடுத்தோம். முதல் கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கியதுமே குரலும் வந்துவிட்டது. திரையில் அந்த நடிகையின் தோள் எங்கே தாழ்கிறதோ அங்கே இவர் மூச்சு எடுத்தார். அவள் தலை சரிந்த இடத்தில் இவர் மெட்டைச் சற்று இழுத்துப் பிடித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில், அந்த மெட்டில் இல்லாத ஒரு சின்ன அசைவு, எங்கள் கோயில் பாட்டுகளில் வருவது போல, கீழே வழுக்கிப் போய் நின்றது. யாரோ ஒரு வெள்ளைக்காரி, என்றோ எங்கோ ஒரு படப்பிடிப்பு அறையில் கோப்பை துடைத்தவள், எங்கள் மச்சாளின் மூச்சில் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு நின்றாள். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மனேஜர் மூக்கைத் துடைத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு நாளும் என்னோடு பஸ்ஸில் நித்திரை தூங்கிக்கொண்டு வரும் மனுசியா இது என்றிருந்தது.

முடிந்ததும் ஒரு காகிதம் வந்தது. பதிவான குரலின் மேல் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று மச்சாள் கையெழுத்து வைக்க வேண்டும். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் பேனையைக் கையில் எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இனி நான் உதை வீட்டில முணுமுணுக்கக் கூடாதோ? கேளும்.”

கேட்டேன். ஒலிப்பதிவுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மனேஜர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்றார். காகிதத்தை வாங்கி, அடியில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: இவர் இந்த மெட்டை வீட்டில் முணுமுணுக்கலாம், எக்காலமும். பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். மச்சாள் தமிழில் தன் பெயரை எழுதினார். பிரதி ஒன்று எங்களுக்கும் தந்தார்கள். பெட்டி கடைக்குப் போக முதலே வந்து சொன்னேன் என்பதற்காக மனேஜர் என் கடிதத்தைச் சொன்ன நாளிலேயே தந்தார். பிழை விட்டதற்கு ஒரு நாள் முழுக்கப் பழைய பெட்டிகளைப் பிரிக்க வைத்தார்கள், அது எனக்கு வேணும்.

அம்மா அடுத்த குளிர்காலத்துக்கு வந்து சேர்ந்தா. அண்ணை கனடாவில் கலியாணம் செய்ததால் அம்மா அதுவரை மருமகளைக் கண்டதில்லை. ரெலிபோனில்தான் பழக்கம். மச்சாளுக்கு மாமியோடு கதைக்கக் கூச்சம். ‘சாப்பிட்டியோ பிள்ளை’ என்றால் ‘ம்ம்’, ‘சுகமோ’ என்றால் ‘ம்ம்’, இரண்டு வருடமும் அவ்வளவுதான். அம்மா வந்த கிழமை நான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கசெற்றைப் போட்டேன். இங்கிலிஷ் ஒரு சொல்லும் விளங்காமல் அம்மா பார்த்துக்கொண்டிருந்தா. கோப்பை துடைக்கும் இடம் வந்தது. அம்மா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தா, பிறகு ரி.வி.யைப் பார்த்தா.

“உது எங்கட பிள்ளையின்ர குரலெல்லே?” என்றா. “உந்த ‘ம்ம்’ எனக்குத் தெரியாதே?”

அன்றைக்கு நான் அழுதேன். மச்சாள் வெட்கத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன மாதம், அன்று கைக்குழந்தையாக இருந்த மருமகன் ரெலிபோன் எடுத்தான். “மாமி, அந்த ஷோ புதுசா வந்திருக்கு. ஒரிஜினல் சோங்ஸ் எல்லாம் திரும்பப் போட்டிருக்கினம். பீப்பிள் ஆர் ஸோ ஹப்பி,” என்றான். தன் தாயின் குரல் அதோடு போய்விட்டது என்று அவனுக்கு உறைக்கவில்லை. அந்த அத்தியாயத்தைப் பார்த்தேன். ரேடியோவில் பழைய பாட்டு, கோப்பை துடைக்கும்போது நடிகையின் சொந்த முணுமுணுப்பு. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கடைசியில் வரும் அந்தச் சின்ன அசைவு அதில் இல்லை. கசெற்றை எடுத்துக்கொண்டு அஜின்கோர்ட்டில் மச்சாள் வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“அது அந்த மனுசியின்ர பாட்டுத்தானே. குடுக்கத்தானே வேணும்,” என்றார். எழுந்து குசினிக்குப் போனார்.

கசெற் பெட்டியைத் திறந்து, மடித்த காகிதத்தை மேசையில் விரித்தேன். மனேஜரின் மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, வாசிக்கலாம். உள்ளே குழாய்த் தண்ணீர் நின்றது. கோப்பைச் சத்தம் கேட்டது. பிறகு அவர் தொடங்கினார். கடையில் கிடைக்காத, ரி.வி.யில் வராத அந்த மெட்டு, மூச்சு எடுக்கும் இடங்கள் ஒன்றும் மாறாமல் வந்தது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கடைசியில் அந்தச் சின்ன அசைவும் வந்து, கீழே வழுக்கி நின்றது. நான் அசையாமல் இருந்து கேட்டேன். எக்காலமும் என்றுதான் எழுதியிருக்கிறது.