முன்பக்க வலது தோள்

போன வாரம் எங்கள் ராயபுரம் சர்ச்சில் மாதா தேர்பவனி. இரண்டு நாள் முன்பு முருகேசன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஹார்பரில் லோடுமேன். வியாசர்பாடிக்காரர், இந்து. மகள் மூளைக்காய்ச்சலில் பிழைத்ததிலிருந்து வருஷா வருஷம் தேரின் முன்பக்க வலது மூலைக்குத் தோள் கொடுப்பவர். பன்னிரண்டு வருஷ வேண்டுதல் - இது பன்னிரண்டாவது.

"சார், நோட்டீஸ் ஒட்டிகீறாங்க. ஞானஸ்நான சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் தேர் தூக்கலாமாம். இத்தினி வருசம் தோள் குடுத்தேனே, மாதா வேணாம்னா சொல்லிச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சர்ச்சிலா? செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் பாதிக் கூட்டம் பொட்டும் பூவுமாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற சர்ச்சிலா? எவன் போட்டான் இந்த நோட்டீஸை?

விடுவிடுவென்று போய்ப் பார்த்தேன். கீழே ஆறு கையெழுத்து. நாலாவது... என்னுடையது!

கமிட்டி மீட்டிங்கில் டீ குடித்துக்கொண்டே, நீட்டிய பேப்பரில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்தேனா? இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. செயலாளர் ஜேம்ஸிடம் ஓடினேன்.

"ரூல்னா ரூல்தான் சார். நீங்களே சைன் போட்டுட்டு நீங்களே மாத்தச் சொன்னா எப்டி?"

வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

பவனி கிளம்பியது. எப்போதும் தோள் உயரம் பார்த்துத்தான் தேருக்கு ஆள் நிறுத்துவோம். இந்த முறை சர்ட்டிபிகேட் பார்த்து நிறுத்தினோம். முருகேசன் இடத்துக்கு வந்தவர் அரையடி குள்ளம். சந்து திருப்பத்தில் தேர் அப்படியே வலதுபக்கம் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் ஆடியது. "ஐயோ மாதாவே!" என்று பெண்கள் அலறினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"முருகேசா, ஓடியா! புடி!"

கத்தியது யார் தெரியுமா? சாட்சாத் ரூல் ஜேம்ஸ்தான்!

கூட்டத்தின் ஓரமாக வெறுங்காலோடு நடந்து வந்துகொண்டிருந்த முருகேசன் பாய்ந்து வந்து தோள் கொடுத்தார். தேர் நிமிர்ந்தது. சர்ச் வாசல் வரைக்கும் அவர் தோளை எடுக்கவில்லை.

தேரை இறக்கியதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பன்னெண்டும் முட்ச்சிட்டேன் சார். பொண்ணு இப்போ காலேஜ் போவுது."

"மன்னிச்சுக்கோங்க முருகேசன்... அந்த நோட்டீஸ்ல நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்."

"தெரியும் சார். பேரு பாத்துட்டுத்தான் உங்க வூட்டுக்கு வந்தேன்."

என் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் தேர் தூக்கியதில்லை!