காதுக்காரி பிரித்த வாத்துகள்

என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளை எல்லோரும் காதுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள், எனக்கு ஓரகத்தி. ஏழு வார வாத்துக் குஞ்சைத் தூக்கிக் காதருகில் பிடிப்பாள். அது கத்தியதும் ஆணா பெட்டையா என்று சொல்லிவிடுவாள். பெட்டை கணீரென்று கத்தும். ஆணுக்குச் சளி கட்டிய மாதிரி கரகரப்பு. ஆணின் வாலிறகு சுருண்டு தானாகவே காட்டிக்கொடுக்க நாலு மாதம் ஆகும். அதுவரை எல்லாவற்றுக்கும் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. அதனால் அவள் காதை நம்பித்தான் பண்ணையே நடந்தது. பெட்டை முட்டைக்கு நிற்கும், ஆண் கறிக்குப் போகும்.

அந்தத் தடவை அறுபது குஞ்சு. நான் பிடித்துக் கொடுத்தேன், அவள் பிரித்தாள். பெட்டை என்றால் காலில் சிவப்பு நூல். முடித்துப் பார்த்தால் நூல் கட்டியது பதினாலுதான்.

"என்னடி இது, பாதிக்குப் பாதியாவது வரவேண்டாமா?"

"இந்தத் தடவை எல்லாம் ஆம்பளப் பட்டாளம், அக்கா" என்று சிரித்தாள்.

என் கையில் இருக்கும்போதே காதைக் கிழிக்கிற மாதிரி கணீரென்று கத்திய ஒரு குஞ்சை அவள் ஆண் பக்கம் விட்டிருந்தாள். இருபது வருஷமாக அவள் சொன்னால் சொன்னதுதான். நான் யார் மறுக்க? கொஞ்ச நாளாகவே பேசுகிறவர் வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் கறிக்கடை வேன் வந்துவிட்டது. வேன்காரர் முதல் கூடையை நிரப்பி ஏற்றினார். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "குழாயை மூடாம வந்துட்டியே" என்றேன். அசையவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"எத்தனை நாளாடி?"

அவள் முகம் வெளிறிப்போனது. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. காதுக்காரிக்கே காது போச்சுன்னா எல்லாரும் கைகொட்டிச் சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். அதுக்காக முட்டை போடறதை அறுக்கக் குடுப்பியா?"

"அங்க என்ன ரகசியம்? வெயில் ஏறுது!" என்றார் வேன்காரர்.

கூடைக்குள் ஒரு குஞ்சு அலகைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அலகு திறப்பதும் மூடுவதும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கூடையை இறக்குங்க, தம்பி."

"விளையாடறீங்களாக்கா?"

"எனக்குக் காது கேக்கல. நான் பிரிச்சது தப்பு!"

காது மந்தமானவர்கள் பேசும் சத்தத்தில் சொன்னாள். தீனி வாளியோடு வந்த அவள் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் வந்தார்.

"ஓகோ! அதான் போதும் போதும்னு நான் கத்தினாலும் தட்டுல சோத்தைக் கொட்டிக்கிட்டே இருந்தியா?"

வேன்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே கூடையை இறக்கினார்.

அன்று அவள் வீட்டுக்காரரும் நானும் கேட்டுக் கேட்டுப் பிரித்தோம். நாற்பத்தாறில் பதினேழு பெட்டை. ஒவ்வொன்றுக்கும் அவளே நூல் கட்டினாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

"அக்கா, போன தடவை கறிக்கு அனுப்பினதுல எத்தனை பெட்டை இருந்திருக்கும்?"