குணபாலனின் மூன்று நிமிடம்

தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் குணபாலன். நலம் விசாரித்து, மழை விசாரித்து, மாட்டை விசாரித்து, பக்கம் தீரும் இடத்தில்தான் விஷயத்துக்கு வருவார். எடுத்த எடுப்பில் விஷயத்தைப் போட்டு உடைப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மகள் கனகலதாவையும் அப்படித்தான் பழக்கியிருந்தார். சென்னையில் கட்டிக்கொடுத்து நான்கு வருஷம். அவள் கடிதங்கள் முழுக்க நலம்தான்.

1982 ஆடியில் ஒரு மத்தியானம், கிளார்க் ராமதாஸ் ஜன்னல் வழியாகக் கத்தினார். "ஐயா, ஓடியாங்க! உங்க பொண்ணு மெட்ராஸ்லேர்ந்து டிரங்க் கால் போட்டிருக்கு. மூணு நிமிஷம்தான்!"

குணபாலன் அதுவரை போனில் பேசியதே இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கியாம்மா? மாப்ள சௌக்கியமா? அங்க மழை உண்டா?"

"நல்லாருக்கோம்பா... மழை கம்மிதான்... அப்பா..."

"உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலாம். நம்ம பசு கன்னு போட்டுச்சு. கடலை இந்த வருஷம்..."

ஸ்டாம்பு வாங்க நின்ற எனக்கே ஆத்திரமாக வந்தது. கடிதம் எழுதிப் பழகிய மனுஷன், போனிலும் கடிதமே எழுதிக்கொண்டிருந்தார். ராமதாஸ் கடிகாரத்தைக் காட்டிக் கையை ஆட்டினார்.

மகளின் அலறல் எங்களுக்கே கேட்டது. "அப்பா, அவரு தெனம் அடிக்கிறாருப்பா! எதுத்த கடைக்கு ஓடியாந்து பேசறேன். அழைச்சிட்டுப் போயிடுங்க, இல்லன்னா கொன்னே..."

லைன் அறுந்தது.

கடையின் நம்பர் தெரியாது. நேரில் போனாலும் பயனில்லை. மாப்பிள்ளை தீபாவளிக்கே பெண்ணை அனுப்பாதவன். குணபாலன் தந்தி ஃபாரம் வாங்கி எழுதினார்: 'குணபாலன் காலமானார். உடனே புறப்படவும்.'

ராமதாஸ் படித்துவிட்டு ஃபாரத்தைத் திருப்பி நீட்டினார். "என்னங்க இது, உசிரோட எதிர்ல நிக்கிறீங்களே!"

"தந்தின்னா எவனும் எதிர்த்துக் கேக்க மாட்டான். சாவுக்கு அனுப்பித்தான் ஆவணும். அடிங்க."

விஷயம் கேட்ட மனைவி ஜெயந்திமாலா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தந்தி போய்ச் சேருவதற்குள் பெண்ணை என்ன செய்துவிடுவானோ என்று இருவரும் சோறு தொடவில்லை.

மறுநாள் காலை தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள் கனகலதா. கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் அப்பா நிற்பதைக் கண்டதும் அவரைக் கட்டிக்கொண்டாள். பின்னால் மாப்பிள்ளை, கையில் ரோஜா மாலை.

குணபாலன் மகளை உள்ளே அனுப்பிவிட்டு வாசற்படியை மறித்து நின்றார். நலம் கேட்கவில்லை. பயணம் கேட்கவில்லை.

"உங்களுக்கு நான் செத்தவன்தான். மாலைய வெச்சிட்டுக் கெளம்புங்க. எம் பொண்ணு வரமாட்டா."