அவள் பாதி மைதானம்

வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிறவள், சனிக்கிழமை வந்தால் பள்ளிக்கூடக் கால்பந்துக்கு நடுவராகப் போய்விடுவாள். அங்கே ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். ஆளுக்குப் பாதி மைதானம், ஆளுக்கொரு விசில், இருவருக்கும் ஒரே அதிகாரம். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அன்று கூட வந்த மூத்த நடுவருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"உன் விசிலுக்கு எவன்மா நிப்பான்? தப்பு நடந்தா கையைக் காட்டு, நான் ஊதிக்கிறேன்" என்றார்.

அவள் தன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். ஆட்டம் முடியப்போகும் நேரம், அவள் பார்த்துக்கொண்டிருந்த பாதியில், உள்ளூர்ப் பள்ளிப் பையன் கோலுக்கு முன்னால் எதிராளியைத் தடுக்கி விழவைத்தான். ஊதினாள். பெனால்டி! உள்ளூர்க் கோச் கோட்டைத் தாண்டி ஓடிவந்து, "மெயின் ரெஃப்ரியைக் கூப்பிடு!" என்று குதித்தார்.

"மெயின், சைடுன்னு இங்க யாரும் இல்ல சார். இது என் பாதி" என்றவள், உள்ளே வந்ததற்கு மஞ்சள் அட்டையையும் காட்டினாள்.

மூத்தவர் வந்து காதைக் கடித்தார். "மாத்திடும்மா, வம்பு வேண்டாம்."

மாற்றவில்லை. பந்து வலைக்குள் போனது.

ஆட்டம் முடிந்ததும் மூத்தவர், "இனிமே உன்கூட வரவே மாட்டேன்!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

அவள் விசிலை எடுத்து ஓங்கி ஊதினாள். வருஷக்கணக்கான பழக்கம், மனிதர் எடுத்த காலை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

"எவன் நிப்பான்னு கேட்டீங்களே, சார்?"