வேகவைத்த கம்பளி

சித்தப்பாவின் பட்டாளத்துக் கம்பளியை அம்மா நெல் அவிக்கும் அண்டாவில் போட்டு வேகவைத்தாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் செய்யாதவர்களாக இருக்க வேண்டும். லீவு முடிந்து போகும்போது, "பத்திரம் அண்ணி, சர்க்கார் சொத்து" என்று சித்தப்பா மடித்துக் கொடுத்துவிட்டுப் போன கம்பளி அது. பாசிப்பச்சை நிறம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குள் ஒரு பெரிய மூட்டைப்பூச்சிக் குடும்பமும் லீவுக்கு வந்து தங்கிவிட்டதை அவர் சொல்லவில்லை.

அம்மா அடுப்பைக் கொளுத்தி, சோடா உப்பைக் கொட்டி, கம்பளியைத் துடுப்பால் ஒரு பொழுது முழுக்கக் கிளறினாள். பூச்சிகள் ஒழிந்தன. கம்பளியும் ஏறக்குறைய ஒழிந்தது. இரண்டு ஆள் போர்த்திக்கொள்ளக்கூடிய கம்பளி, காய்ந்த பிறகு எனக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. எருமைத்தோல் மாதிரி தடித்துப் போயிருந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா வரும்வரை இதைப்பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு போட்டாள்.

அக்கா அந்தக் கம்பளியின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தாள். நூல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு உத்திரமேரூரில் ஒரு டீச்சர் வீட்டில் தையல் கற்றுக்கொண்டிருந்தாள். மறுநாள் வெட்டிய துண்டை அங்கே எடுத்துப் போனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து, "அம்மா, இது வீணாவல. மெட்ராஸ்ல இதுக்குப் பேரு ஃபெல்ட்டாம். கெஜக் கணக்குல விக்கிறாங்களாம்" என்றாள். அம்மாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

டீச்சர் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கதவில் ஃபெல்ட் துணியில் இலை இலையாக வெட்டித் தைத்த வட்டமான வளையம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பில்லை. நாம் பொங்கலுக்கு மாவிலைத் தோரணம் கட்டுகிறோம், அது மறுநாளே வாடிப்போகிறது, வாடாத மாவிலையில் வளையம் செய்து வாசலில் மாட்டினால் என்ன என்று கேட்டாள். சித்தப்பாவின் கம்பளி இனிமேல் சித்தப்பாவுக்கு உதவப்போவதில்லை என்பதால் அம்மாவும் மறுப்புச் சொல்லவில்லை.

மிச்ச மார்கழி முழுக்க எங்களுக்கு இதே வேலை. நிஜ மாவிலையைக் கம்பளியின் மேல் வைத்து சாக்பீஸால் கோடு போட்டு அக்கா வெட்டுவாள். நடுவில் ஒரு மடிப்புத் தையல் போட்டதும் இலை உயிரோடு நிமிரும். பழைய சல்லடையின் மூங்கில் வளையத்தைக் கழற்றி, அதைச் சுற்றி இலைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் தைத்துக்கொண்டு வந்தாள். இலைகளுக்கு நடுவே பழம் வேண்டும் என்றாள். அது என் இலாகா. ஏரிக்கரை வேலியெல்லாம் முள்ளில் கை கிழித்துக்கொண்டு ஒரு பவுடர் டப்பா நிறையக் குண்டுமணி பொறுக்கி வந்தேன். தச்சர் வீட்டில் வச்சிரப் பசை வாங்கி வந்து மும்மூன்றாக ஒட்டினோம். பாதி வேலை என்னுடையது என்று அக்காவே சொன்னாள். பத்து வயதில் என்னை யாரும் எதற்கும் அப்படிப் பங்குதாரர் ஆக்கியதில்லை.

அதே மார்கழியில் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சாலவாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை. கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. மனைவி மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகிறது, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவுக்கோ காஞ்சிபுரத்தில் தையல் ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. டீச்சர் கொடுத்த விண்ணப்பத் தாள் அவளுடைய டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ரெண்டாந்தாரமா என்னைத் தள்ளி உட்றீங்களாம்மா?" என்று அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

"தள்ளி உட்றதுன்னு இன்னாத்துக்கு சொல்ற? நெலம் கீது, சங்கத்துல வேல கீது. உனக்கு அடுத்து இவ ஒருத்தி வளந்துக்கினு வர்றா. நைனா வாக்கு குடுத்துட்டாரு, நீ பேசாம இரு" என்றாள் அம்மா.

அக்கா பேசாமல் இருந்தாள். எனக்குப் புரிந்ததெல்லாம், அவள் போய்விட்டால் அவள் படுக்கிற ஜன்னலோரம் எனக்குக் கிடைக்கும் என்பதுதான். அதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பொங்கலன்று விடிந்ததும் வளையத்தை வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினோம். நான் தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன். எங்கள் தெருவிலேயே, ஏன், எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு வாசல் இல்லை என்று தோன்றியது. கோலம் போட வெளியே வந்த எதிர் வீட்டுப் பெரியம்மாவும் அதைப் பார்த்தார். கையிலிருந்த கோலமாவுக் கிண்ணம் அப்படியே கீழே விழுந்தது.

"ஐயோ, பட்டாளத்துக்குப் போன புள்ளயா?" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் அதுவரை வட்டமாகக் கட்டிய இலையையும் பூவையும் ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் செத்தால் கட்சிக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் கொண்டுவந்து பிணத்தின்மேல் வைக்கிற மலர் வளையம். அதுவும் பச்சையில், பட்டாளத்துக்காரன் வீட்டு வாசலில். பெரியம்மா போட்ட சத்தத்தில் தெரு திரண்டது. கொடுமை என்னவென்றால், சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நன்றாகத் தெரிந்த அம்மாவே, எல்லாரும் அழுவதைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்துவிட்டாள். நைனா வந்து வளையத்தைப் பிடுங்கி உள்ளே எறிந்த பிறகுதான் பொங்கல் பானை அடுப்பில் ஏறியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வளையத்தில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை சாலவாக்கத்துக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அம்மா கேசரி கிண்டினாள். எனக்குப் புதுப் பாவாடை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் அக்கா என்னைக் கூப்பிட்டு, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வளையத்தை என் கையில் கொடுத்தாள்.

"அவங்க ஏரிக்கரை மேல வர்றது தெரிஞ்சதும் வாசல்ல மாட்டு. அதுக்கு முன்னாடி மாட்டாத, அம்மா பாத்தா எடுத்துடும்."

"அவங்க பாத்து மெச்சிக்கணும்னா?" என்றேன்.

அவள் என் தலையைத் தடவினாள். "ஆமா. யாராண்டயும் சொல்லாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வேலையின் அருமை தெரியாத ஊரைவிட்டு, தெரிந்த ஊருக்குத்தான் அக்கா போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் கரைமேல் வருவது தெரிந்ததும், திண்டாடி ஒரு முக்காலியைப் போட்டு ஏறி மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டேன். யாராவது, யார் செய்தது என்று கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் வந்தார். தலையை நிமிர்த்தினவர் வாசப்படியில் வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கூட வந்த மாமாக்காரர், "இன்னாய்யா இது, நல்ல காரியத்துக்கு வர்ற எடத்துல?" என்று நைனாவைப் பார்த்துக் கத்தினார். வரவேற்கக் கைகூப்பி வந்த நைனா கூப்பிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான், கடைசியாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

குழந்தை வளையத்தைப் பார்த்தது. "அப்பா, அம்மா மேல வெச்சாங்களே, அதுவா?" என்றது.

செத்துப்போன அவர் மனைவியை எடுத்தபோது சங்கத்துக்காரர்கள் வளையம் வைத்தார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? நைனா வளையத்தைப் பிடுங்கப் போனார். மாப்பிள்ளை கையால் தடுத்தார். குழந்தையைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கிப் பிடித்தார். அது ஒரு விரலால் இலையைத் தொட்டது. பிறகு குண்டுமணியைத் தொட்டது.

"அதுல மணி இல்ல. இதுல மணி கீது" என்றது.

"ஆமாம்மா" என்றார் அவர். குழந்தைக்குப் போதும் என்கிறவரை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அம்மா, "வாடா போலாம், சகுனமே சரியில்ல" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அவர் அசையவில்லை.

நைனாவின் பார்வை என்மேல் விழுந்தது. முக்காலி என் பக்கத்திலேயே இருந்ததால் விசாரணைக்கு அவசியமில்லை. அவர் கையை ஓங்கினார். அப்போது மாப்பிள்ளை சொன்னார்: "அடிக்காதீங்க. சின்னப் பொண்ணு, தானா செஞ்சிருக்காது. இஷ்டமில்லன்னா இல்லன்றதுதான், அதுல தப்பு இன்னா கீது?"

இதைச் சொல்லும்போது அவர் என்னையும் பார்க்கவில்லை, நைனாவையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அக்கா பூவேலை செய்த புதுத் திரை அதில் தொங்கியது. அதைத்தான் ரசிக்கிறார் என்று நான் நினைத்தேன். பல வருஷம் கழித்து, என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், அதே ஜன்னலுக்குப் பின்னால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோதுதான், அவர் யாரிடம் பேசினார் என்பது எனக்கு உறைத்தது.

கேசரியை யாரும் தொடவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள். மாப்பிள்ளை சொன்ன வார்த்தைக்கு மரியாதை கொடுத்து, அவர்கள் ஏரிக்கரை மேல் ஏறி மறையும்வரை நைனா காத்திருந்து, அப்புறம் என்னை அடித்தார். அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றாளே. மூன்றாவது அடி விழுந்தபோது அக்காவே வெளியே வந்து நடுவில் நின்றாள். "நான்தான் மாட்டச் சொன்னேன் நைனா" என்றாள். நைனாவின் கை தொங்கிவிட்டது. வயதுக்கு வந்த பெண்ணை அவர் அடிக்கிறவர் அல்ல. "இனிமே எவன் வருவான் இந்த வூட்டுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று அவள், அடி வாங்கிய என்னைவிட அதிகமாக அழுதாள். மிச்சமான கேசரியை எல்லாம் எனக்கே கொடுத்தாள். அவள் அழுவதில் எனக்கு ஆதாயம் இருந்ததால் நான் காரணம் கேட்கவில்லை.

ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வளையத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இலை இலையாகத் தையலை அறுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மூன்று நாளில் அந்த இலைகளே இறகுகளாக அடுக்கப்பட்டு ஒரு கிளி ஆயின. உள்ளே பஞ்சு, கம்பளி ஓரத்துச் சிவப்புக் கோட்டில் மூக்கு, கண்ணுக்கு இரண்டு குண்டுமணி. குண்டுமணியின் கறுப்பு சரியாகக் கருவிழியில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு அழகான கிளியை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. எனக்குத்தான் என்று நிச்சயமாக நம்பினேன்.

மறுநாள் காலை நைனா சாலவாக்கம் சங்கத்துக்கு உரம் எடுக்கக் கிளம்பினார். அந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நாலு நாளாகத் தள்ளிப்போட்டு, பயிர் வெளுத்துப்போன பிறகு வேறு வழியில்லாமல் கிளம்பினார். அக்கா கிளியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

"அந்தக் கொழந்தகிட்ட குடுத்துடு நைனா. இதுலயும் மணி கீதுன்னு சொல்லு."

நைனா பொட்டலத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சிதான் குடுக்கிறியாம்மா?" என்று நைனா கேட்டார்.

"யோசிச்சிதான்" என்றாள் அக்கா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நைனா பொட்டலத்தைப் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். பங்குனியில் கல்யாணம் நடந்தது என்பதும், மறு வருஷம் டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய தாள் உதவாது என்று புதுத் தாள் வாங்கிவந்து பூர்த்தி செய்து அவளைக் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டவர் அந்த மாப்பிள்ளைதான் என்பதும் பிற்பாடு.

அன்று காலை நான் தரையில் விழுந்து புரண்டேன். முள் கிழித்து நான் பொறுக்கிய குண்டுமணி, பாதி வேலை என்னுடையது, எவளோ ஒருத்திக்கு எதற்காகக் கொடுக்கிறாய், உனக்குப் பைத்தியமா என்று அக்காவைக் கேட்டேன். ஏரிக்கரை வரை நைனாவின் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். என்னுடைய இரண்டு குண்டுமணி சாலவாக்கத்துக்குப் போகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அவற்றோடு அக்காவும் கிளம்பிவிட்டாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.